தாரை வார்த்த அழைப்புகள்

பூவரசடி ஊரில் வேண்டாத போன் அழைப்புகளைத் தண்ணீர் ஊற்றி இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது பரமானந்தம் வாத்தியார் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெரியவந்தது, தெரியவந்த அன்றைக்கே பாதி ஊர் அதைச் செய்துவிட்டது, மீதிப் பாதி ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்து முடித்தது, அந்த மீதிப் பாதியில் நானும் ஒருவன்.

என் பெயர் கடற்கரை. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நூறு கிலோமீட்டர் இருக்கும், பெயருக்குக் காரணம் சொல்ல என் அப்பா இப்போது உயிரோடு இல்லை. பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காப்பி எடுக்க வருகிறவர்கள் நின்று பேசுவதெல்லாம் என் காதில்தான் விழும், அதனால் இந்தக் கதையை மற்றவர்களைவிட நான் ஒழுங்காகச் சொல்லுவேன். ஒரே ஒரு இடத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அந்த இடம் வரும்போது அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் எங்கள் போன்களெல்லாம் பேய் பிடித்ததுபோல் அடித்தன. காலையில் பல் விளக்கும்போது மனை விற்கிறவன், இட்லி பிட்டு வாயில் வைக்கும்போது கடன் வேண்டுமா சார் என்கிற பெண், துணி துவைக்கும்போது உங்கள் ஏடிஎம் கார்டு முடங்கிவிட்டது என்று பாதி இந்தியில் மிரட்டுகிறவன், மத்தியானம் கண்ணயரும்போது ஆளே இல்லாமல் தானாகப் பேசும் ஒரு மெஷின் குரல். ஒரு நம்பரைத் தடுத்தால் ஒன்பது நம்பர் வந்தது. ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியாரான பரமானந்தத்துக்கு அந்த வெள்ளிக்கிழமை கடன் பெண் மூன்றாம் முறையாகக் கூப்பிட்டபோது அவர் இடது கையில் செம்பு சாய்ந்திருந்தது, வலது கை விரல்கள் வழியாகத் தண்ணீர் மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

"இந்தச் சனியனை யாருக்காவது தாரை வார்த்துக் குடுத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றார் வாத்தியார். "செண்பகவடிவுதான் எந்தக் கால் வந்தாலும் எடுக்கா. எனக்கு வாறதெல்லாம் அவளுக்கே போவட்டும்."

போய்விட்டது. பெங்களூரில் இருக்கிற மகள் கூப்பிட்டால் வாத்தியாருக்கு வந்தது, பால்காரர் கூப்பிட்டால் வந்தது, பெயர் பதிந்து வைத்திருந்த யார் கூப்பிட்டாலும் வந்தது. பெயரில்லாத எண்கள் மட்டும் வாத்தியார் வீட்டைத் தாண்டி, தெற்குத் தெருவில் செண்பகவடிவின் போனில் போய் அடித்தன. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்றுதான் ஊர் நினைத்தது. தாரை வார்த்தால் பெற்ற பெண்ணே இன்னொரு வீட்டுக்குப் போய்விடுகிறாள், ஒரு போன் கால் போகாதா என்று கேட்டாள் இட்லிக்கடை பேச்சித்தாய், கேட்டுவிட்டு இட்லிக் கொப்பரையில் ஊற்ற வைத்திருந்த தண்ணீரிலேயே ஒரு கை அள்ளி ஊற்றித் தன்னுடையதையும் கொடுத்தாள். சலூன்காரர் கொடுத்தார், ரேஷன் கடைக்காரர் கொடுத்தார், ஊராட்சித் தலைவர் குடும்பத்தோடு வரிசையாக நின்று கொடுத்தார். நான் கடைக்கு வெளியே நின்று, கேனில் இருந்து ஒரு டம்ளர் பிடித்து, யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டு கொடுத்தேன். வேறு யார் பெயரையும் யாரும் சொல்லவில்லை. எப்படியும் அவள் எடுக்கத்தானே போகிறாள் என்பதுதான் எல்லார் மனசிலும் இருந்தது.

அவள் ஏன் எடுத்தாள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். செண்பகவடிவு பீடி சுற்றுகிறவள். அவள் புருஷன் மாசானமுத்து எங்கள் ஊர் வழியாகப் போகும் மினிபஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர், நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, வாரம் இரண்டு நாள் திருநெல்வேலியில் டயாலிசிஸ். வேறு கிட்னி வைப்பதற்கான பட்டியலில் அவர் பெயர் ஏறியபோது ஆஸ்பத்திரியில் ஒரு பெண் செண்பகவடிவின் நம்பரை எழுதிக்கொண்டு சொல்லியிருக்கிறாள்: "எப்ப வேணாலும் கூப்பிடுவோம்மா. எந்த நம்பர்ல இருந்து வரும்னு சொல்ல முடியாது. எடுக்கலைன்னா இன்னொரு தடவை பாப்போம், அதுக்கப்புறம் அடுத்தவங்களுக்குப் போயிரும். நாங்க காத்திருந்தாலும் அது காத்திருக்காது."

அன்றிலிருந்து அவள் ஒரு அழைப்பையும் விட்டதில்லை. குளிக்கப் போனால் போனைப் பாலிதீன் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டுக் குளித்தாள், கோயிலில் தீபாராதனை காட்டும்போதும் எடுத்தாள், சொந்தத் தம்பி கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எடுத்துப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்படிப்பட்டவளிடம்தான் நாங்கள் அறுநூறு வீட்டு அழைப்புகளையும் கொண்டுபோய்க் கொட்டினோம்.

பேச்சித்தாய்தான் போய் விஷயத்தைச் சொன்னாள். செண்பகவடிவு கோபப்படவில்லை. "வாறது வரட்டும் மதினி. எடுத்துக் காதுல வச்சாப் போச்சு" என்றாள். ஒரு வாரம் கழித்து என் கடைக்கு வந்து நின்றாள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது, கை பீடி சுற்ற, தோளில் போனை இடுக்கிக்கொண்டே இருந்து அப்படி ஆகிவிட்டது. நின்ற நேரத்துக்குள் நாலு அழைப்பு எடுத்து வைத்துவிட்டாள்.

"அண்ணாச்சி, நான் ஒருத்தர்ட்ட பேசிக்கிட்டு இருக்கும்போது இன்னொருத்தர் கூப்பிட்டா, அவுகளுக்கு என்ன சொல்லும்?"

"வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்னு சொல்லும்."

"அப்படின்னா நான் எடுக்கலைன்னு ஆயிருமா?"

"அதெல்லாம் ஆவாது தங்கச்சி" என்றேன். எனக்கு அதைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வரிசையில் ஆள் நின்றது, அதனால் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு அழைப்பையும் மூன்று விநாடிக்குமேல் வைத்திருப்பதில்லை என்று பழகிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் மூச்சை இழுக்கும்போதே அது மனைக்காரனா, மருத்துவக் காப்பீடா, ஏமாற்றுக்காரனா என்று அவளுக்குத் தெரிந்தது. போன் கொதித்தது, அதை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பேசினாள். சோற்றுக் கையைக் கழுவ நேரமில்லாமல் கரண்டியால் சாப்பிடப் பழகினாள், அதையும் பாதியில் வைத்தாள். ஊரோ அதற்குள் அவளை ஒரு போஸ்ட் ஆபீஸ் ஆக்கிவிட்டிருந்தது, ஏனென்றால் பெயரில்லாத எண்களோடு கூரியர்காரனும், கேஸ் சிலிண்டர்காரனும், பேச்சித்தாய் மகனுக்குப் பெண் இருக்கிறது என்று கடையநல்லூரில் இருந்து கூப்பிட்ட தரகரும் அவளிடம்தான் போய்ச் சேர்ந்தார்கள். சாயங்காலமானால் அவள் வாசலில் பத்து இருபது பேர் நின்று, எனக்கு ஏதும் வந்துச்சா, எனக்கு ஏதும் வந்துச்சா என்று கேட்டார்கள். அவள் ஒன்றுகூட மாற்றிச் சொன்னதில்லை. பதிலுக்கு நாங்கள் முருங்கைக்காய் கொடுத்தோம், வீட்டில் விசேஷமென்றால் பலகாரம் கொடுத்தனுப்பினோம், அவளைப்போல வருமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம், அப்படிப் பேசிக்கொண்டதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் கட்டிலில் படுத்தபடி மாசானமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு டாக்டர் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் சொல்லியிருந்தார், காப்பி, ரசம், மாத்திரை விழுங்குகிற வாய்த் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். கடைசி டம்ளரை ஜன்னல் திண்டில் மூடி வைத்து, நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது மட்டும் ஒரு சொட்டு நனைத்து, பொழுதுசாய வரை ஓட்டுவார். ஒரு புதன்கிழமை மத்தியானம், செண்பகவடிவு ஒரு கரண்டிச் சோற்றை வாய்க்கும் தட்டுக்குமாக ஆறு தடவை கொண்டுபோய்க் கொண்டுவந்து, ஏழாவது தடவை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அழாமல், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி "ஹலோ" என்று சொன்னாள். மாசானமுத்து எழுந்தார். அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொல்லைப்புறம் போனார், வலது கை விரல் வழியாக முழுத் தண்ணீரையும் ஊற்றினார்.

"என் பொண்டாட்டிக்கு வாற காலெல்லாம் இனிமே ஊருக்கு" என்றார்.

பெண்டாட்டிக்குச் சேர்ந்ததைப் புருஷன் கொடுத்தால் செல்லுமா என்று பிறகு சலூனில் பெரிய வாக்குவாதம் நடந்தது. தண்ணீர் அந்த மாதிரிச் சட்டமெல்லாம் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் எல்லார் போனும் அடித்தது. சலூன்காரருக்கு வரவேண்டிய அழைப்பு வாத்தியாருக்கு வந்தது, தலைவருக்கு வரவேண்டியது சலூன்காரருக்கு வந்தது, எனக்குப் பேச்சித்தாயின் தரகர் வந்தார். யாருடையது யாருக்கு என்று ஒரு ஒழுங்கும் இல்லாமல் ஊர் முழுக்கச் சிதறி விழுந்தது, ஊரில் ஒருத்தி என்பதால் செண்பகவடிவுக்கும் அவள் பங்குக்குக் கொஞ்சம் விழுந்தது. எங்களுக்குக் கோபம் வந்தது. ஒரு தடவை நிம்மதியைப் பார்த்துவிட்டவனுக்கு வரும் கோபம் அது. பத்து மணிக்கெல்லாம் நாற்பது பேர் தெற்குத் தெருவில் கூடிவிட்டோம். செண்பகவடிவு வாசலில் போனைக் கையில் வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடிஞ்சதுல இருந்து மூணே மூணு கால்தான் வந்துருக்கு அண்ணாச்சி. போன் கெட்டுப்போச்சா பாருங்க" என்றாள் என்னைப் பார்த்து.

உள்ளே இருந்து மாசானமுத்து சொன்னார்: "போன் நல்லாத்தான் இருக்கு. நாந்தான் ஊருக்குக் குடுத்துட்டேன். அவ ஒருநா சோறு திங்கட்டும்."

நாங்கள் ஆளுக்கொன்று பேச வாயைத் திறந்தோம். அதற்குள் செண்பகவடிவு திரும்பி அவரைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

"நம்ம காலும் அதோட சேந்துதானே போயிருக்கும்?"

அவர் அதை யோசிக்கவே இல்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது, எங்கள் எல்லார் கண் முன்னாலும் அந்த முகம் கறுத்துப்போனது. நாலு வருஷமாக அவள் காத்திருந்த அந்த ஒரு அழைப்பு இனி எங்களில் யாருடைய போனிலும் வரும். மாடு மேய்க்கிறவன் போனில் வரும், வயலில் வரப்பில் கழற்றி வைத்த சட்டைப் பையில் வரும், பெயரில்லாத எண் என்றால் பார்க்காமலே சிவப்பை அழுத்துகிற எங்கள் கட்டைவிரலுக்குக் கீழே வரும். கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக இது புரிந்தது, புரிந்தவர்கள் தங்கள் போனைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் சேர்ந்து மறுபடியும் அவளுக்கே ஊத்திக் குடுத்துருவோம்" என்றார் தலைவர். "சேதம் ஒண்ணும் இல்ல."

"மறுபடியும் அவ தலையில கெட்டுனா நான் லிஸ்டுல இருந்து பேர எடுக்கச் சொல்லிருவேன்" என்றார் மாசானமுத்து. கட்டிலில் இருந்து எழுந்து சட்டையை மாட்டத் தொடங்கிவிட்டார், இப்போதே கிளம்புகிறவர் போல.

"நம்மளோட கால மட்டும் எனக்குத் தந்துருங்க" என்றாள் செண்பகவடிவு. யாரைப் பார்த்துக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. தண்ணீருக்கு எந்த அழைப்பு எது என்று தெரியாது. அது அவளுக்கும் தெரியும்.

பரமானந்தம் வாத்தியார்தான் தொண்டையைச் செருமினார். "மொதல்ல ஊத்துனவன் நான். எடுப்போம். வாறது எல்லாத்தையும் எடுப்போம். கடைசி வரைக்கும் கேப்போம்."

அன்று மத்தியானம் நான் மாசானமுத்துவின் பெயர், வயது, ரத்த வகை, ஆஸ்பத்திரிப் பதிவு எண், செண்பகவடிவின் நம்பர் எல்லாவற்றையும் ஒரு சின்னச் சீட்டில் எழுதி அறுநூற்று நாற்பது காப்பி எடுத்தேன். வீட்டுக்கு ஒன்று டிவி மேல் ஒட்டினோம், வயலுக்குப் போகிறவர்கள் தலைப்பாகையில் மடித்து வைத்துக்கொண்டார்கள். அப்புறம் பத்தொன்பது நாள் பூவரசடியில் யாரும் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்படிப் பேச்சைத் தொடங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாததால், மனைக்காரன் பேசினாலும் முடிகிற வரை கேட்டோம், மெஷின் குரல் பேசினாலும் அது ஓய்கிற வரை கேட்டோம், எங்கே ஒரு சொல் விட்டுப்போய்விடுமோ என்று பக்கத்தில் இருப்பவர்களை வாய் பேசவிடாமல் அடக்கினோம். சலூனில் பாதி சவரத்தோடு எழுந்து வெளியே ஓடினார்கள். இழவு வீட்டில் ஒப்பாரியை நிறுத்திவிட்டு எடுத்தார்கள். கார்டு முடங்கிவிட்டது என்று மிரட்டுகிறவனிடம் பேச்சித்தாய், "அது கெடக்கட்டும் தம்பி, கிட்னி வந்துருக்கா, அதச் சொல்லு முதல்ல" என்று கேட்டாள், அவன் பயந்து வைத்துவிட்டான். கடன் தருகிற கம்பெனியில் ஒரு பெண் ஒரு வாரம் முழுக்க எங்கள் ஊருக்குள் எந்த நம்பரைப் போட்டாலும் இதையே கேட்டுக் கேட்டு, எட்டாம் நாள் வாத்தியாரிடம், கடனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "சார், அந்த அண்ணனுக்கு வந்துருச்சா?" என்று கேட்டாள்.

வரவில்லை. மாசானமுத்துவுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, டயாலிசிஸ் வாரம் மூன்று நாளானது. செண்பகவடிவு இப்போது கையால் சோறு சாப்பிட்டாள், ஆனால் தெருவில் எந்த வீட்டில் மணி அடித்தாலும் எழுந்து வாசலுக்கு வந்து நின்றாள், அந்த வீட்டிலிருந்து யாராவது இல்லை என்று கையை ஆட்டும்வரை நின்றாள். எங்களுக்கும் அலுத்தது. பொய் சொல்லுவானேன், பதினைந்து நாளுக்குமேல் எங்களுக்கும் அலுத்துத்தான் போனது.

சொல்கிறேன் என்ற இடம் இதுதான். பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை, காலை பதினொன்றேகால். கடையில் ஒன்பது பேர் நின்றார்கள், மெஷினுக்குள் பேப்பர் சிக்கிக்கொண்டது, என் இரண்டு கையும் மை. போன் அடித்தது. திருநெல்வேலி எண். அன்று காலையில் மட்டும் பதினாலு அழைப்பை முழுக்கக் கேட்டிருந்தேன், பதினாலும் குப்பை. நான் முழங்கையால் சிவப்பைத் தள்ளினேன்.

தள்ளிய அந்த விநாடியே திரும்பக் கூப்பிட்டேன், இந்த எண்ணுக்கு வரும் அழைப்புகள் ஏற்கப்படமாட்டா என்றது. மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் அதையே சொன்னது. ஒன்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் சிக்கிய பேப்பரை இழுப்பதுபோல் குனிந்துகொண்டேன். அது கடன் பெண்ணாக இருக்கும், மனைக்காரனாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுக்கலைன்னா இன்னொரு தடவை பாப்போம். அந்த இன்னொரு தடவை எந்த வீட்டில், எந்த மாட்டுக்கொட்டகையில், எந்தப் பைக்குள் விழப்போகிறதோ. ஏழு நிமிஷம் நான் குனிந்தே இருந்தேன். என் வாழ்க்கையில் நான் சாமி கும்பிட்டது அந்த ஏழு நிமிஷம்தான், அதையும் ஜெராக்ஸ் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கும்பிட்டேன்.

அப்புறம் மேற்குத் தெருவில் இருந்து பரமானந்தம் வாத்தியார் ஓடி வந்தார். செருப்பில்லை, வேட்டியை ஒரு கையால் பிடித்திருந்தார், மறுகையில் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்கு எழுபத்தோரு வயது. "வந்துருச்சு, கடற்கரை, வந்துருச்சு. சீட்டப் பாத்து எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டேன். மூணு மணிக்குள்ள வரச் சொல்லுதாவ" என்றார், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் போனை வாங்கி அந்த எண்ணைப் பார்த்தேன். என்னுடையதில் சிவப்பாகக் கிடந்த எண்ணும் அதுவும் ஒன்று. போனை அவர் கையில் திரும்பக் கொடுத்தேன். தெற்குத் தெருவுக்கு ஓடினேன்.

மாசானமுத்து ஓட்டிய அதே மினிபஸ்ஸை நிறுத்தி, இருந்தவர்களை இறக்கிவிட்டு, அவரை ஏற்றினோம். செண்பகவடிவோடு நாங்கள் ஒன்பது பேர் ஏறிக்கொண்டோம், ஏறிய எல்லார் கையிலும் போன் இருந்தது, ஏனென்றால் ஆஸ்பத்திரியில் இருந்து வாத்தியாரிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: பட்டியலில் இவரோடு இன்னொருவரையும் கூப்பிட்டிருக்கிறோம், ரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் வைப்போம், வழியில் ஏதாவது மாறினால் கூப்பிட்டுத் திரும்பிப் போகச் சொல்லுவோம். அதனால் போகிற வழியெல்லாம் அவரவர் போனைப் பிடித்துக்கொண்டு, அது அடிக்கக்கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மானூர் தாண்டும்போது செண்பகவடிவு தூங்கிவிட்டாள். ஜன்னல் கம்பியில் தலை முட்டி முட்டி எழும்பியது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது, மடியில் போன் கிடந்தது. பேச்சித்தாய் தன் சேலை முந்தானையைச் சுருட்டி அவள் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் வைத்தாள்.

அந்தப் போன்தான் அடித்தது. பெயரில்லாத எண்.

எல்லாரும் அவள் மடியைப் பார்த்தோம். டிரைவர்கூட ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டான், வண்டி மெதுவானது. செண்பகவடிவு எழவில்லை. நாலு வருஷமாக எந்தத் தூக்கத்திலும் முதல் மணிக்கே எழுந்தவள், மூன்றாவது மணிக்கும் எழவில்லை. மாசானமுத்து குனிந்து, அவள் மடியில் இருந்து அதை எடுத்து, காதில் வைத்தார். கேட்டார். எங்கள் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே, நாங்கள் பழகிய மாதிரியே கடைசி வரைக்கும் கேட்டார்.

"நல்லதும்மா" என்றார் அவர், தூங்குகிறவளைக் கெடுக்காத குரலில். "எங்களுக்கு வேண்டாம்."

"என்னவாம்?" என்றார் வாத்தியார்.

"சங்கரன்கோயில் ரோட்டுல மனை இருக்காம்."

டிரைவர் வேகத்தைக் கூட்டினான். மாசானமுத்து போனை அவள் மடியில் திரும்ப வைக்கவில்லை, தன் சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் பூட்டிக்கொண்டார்.